நாலு விரல் கேப்

போலோ வைத்திருக்கும் இரண்டு பையன்கள் சந்தித்துக்கொண்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு சடங்கு நடக்கும். முன்சக்கரத்துக்கு மேலே, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்ப்பார்கள். நாலு விரல் தாராளமாகப் போனால் வண்டி ஷோரூமிலிருந்து வந்த கோலத்திலேயே இருக்கிறது என்று பொருள். இரண்டு விரல் என்றால் ‘ஏதோ வேலை செஞ்சிருக்கான்’. விரலே நுழையாவிட்டால் சுற்றி நிற்பவர்கள் படம் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த நாலு விரல் இடத்தைக் கம்பெனிக்காரர்கள் மறதியாக விட்டுவைக்கவில்லை. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்க வேண்டிய இடம் அது. வண்டியைத் தாழ்த்துகிறவர் அந்த இடத்தைக் கொடுத்துத்தான் தோற்றத்தை வாங்குகிறார். எவ்வளவு கொடுக்கலாம், கொடுத்தபிறகு வளைவில் வண்டி என்ன செய்யும் என்று கணக்குப் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தொடுகிறவர்கள் குறைவு. தாழ்ந்திருக்கும் வண்டி வேகமான வண்டி என்ற நம்பிக்கை அவ்வளவு பலமாக ஊன்றிவிட்டது.

ஃபோக்ஸ்வேகன் போலோவை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2010-இல் இந்தியாவுக்கு வந்து 2022-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. 2013-இல் வந்த ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் 7 கியர் டிஎஸ்ஜியுமாக 105 பிஎஸ் சக்தியும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. 2020-இல் அதன் இடத்துக்கு 110 பிஎஸ் தரும் 1.0 லிட்டர் எஞ்சின் வந்தது. சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் கிடைத்த ‘வேக வண்டி’ என்று ஒரு தலைமுறை இதைத்தான் கொண்டாடியது. இப்போது கைமாறி ஓடும் பல போலோக்களில் முதல் ஷாக் அப்சார்பர் செத்து வெகுநாளாகிறது. புது உரிமையாளர் எப்படியும் ஷாக் மாற்றியாக வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் தாழ்த்திவிடலாமே, அப்படியே 17 அங்குல அலாயும் போட்டுவிடலாமே என்று பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் செலவு ரப்பருக்கு

பிரேக், ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர் எதை அழுத்தினாலும் திருப்பினாலும் அந்த உத்தரவு கடைசியில் ரோட்டுக்குப் போய்ச் சேருவது நான்கு உள்ளங்கை அகல ரப்பர் வழியாகத்தான். ஐந்து வருடம் வெயிலில் நின்று கல்லாகிப்போன டயரை வைத்துக்கொண்டு ஜெர்மனி ஷாக் தேடுவது வீண் வேலை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3218 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் தயாரானது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல டயர் நான்கு மாட்டி, பிரேக் ஆயிலையும் மாற்றினாலே பாதிப் பேருக்கு மற்ற ஆசைகள் அடங்கிவிடும். படம் எடுத்துப் போடும்படி எதுவும் இதில் மாறாது என்பதால் இந்த யோசனை எடுபடுவதில்லை.

ஆசை அடங்காதவர்களுக்கு அடுத்த படி ஷாக். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதிர்ச்சியை உண்மையில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். ஷாக் அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் சூடாக்கித் தீர்க்கிறது. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசிகளில் ஒன்றைத் திரும்பும்போது, பாதி வளைவில் தார் பெயர்ந்த குழி வருகிறது என்று வையுங்கள். சக்கரம் குழிக்குள் இறங்கி உடனே மேலே ஏறி, மறுபடி தரையைப் பிடிக்க வேண்டும். தேய்ந்த ஷாக் என்றால் சக்கரம் ஓரிரு முறை துள்ளிவிட்டுத்தான் நிலைக்கு வரும். துள்ளும் நேரத்தில் டயருக்குப் பிடிப்பு கிடையாது. வண்டி வெளிப்பக்கம் ஓரடி நகர்ந்திருக்கும்.

அதனால்தான், கம்பெனி உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஷாக்கை மட்டும் உயர்ந்த ரகமாக மாற்றுவதை நான் முதலில் சொல்வேன். பில்ஸ்டீன் கம்பெனியின் பி6 இந்தக் காரியத்துக்கென்றே இருக்கிறது. ஒரே குழாய்க்குள் எண்ணெயையும் அழுத்தமான நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டனால் பிரித்துவைக்கும் மோனோட்யூப் அமைப்பு. தொடர்ந்து உழைத்தாலும் எண்ணெய் நுரைக்காது, ஷாக் தளராது. சற்று மென்மையாகப் போகவேண்டுமென்றால் கோனியின் ஸ்பெஷல் ஆக்டிவ். சின்னச் சின்ன அதிர்வுகள் வேகமாக வரும்போது தானே இளகி, வளைவில் வண்டி மெதுவாகச் சாயும்போது இறுகிக்கொள்ளும் வால்வு அதில் இருக்கிறது. முதுகுவலிக்காரர்கள் உள்ள வீட்டுக்கு இதுதான் பொருத்தம்.

தாழ்த்தும்போது நடப்பது

இனி கணக்கு. ஆளில்லாத போலோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 165 மி.மீ. இந்தியச் சாலை காங்கிரஸின் ஐஆர்சி 99 விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 17 மீட்டர் ஆரத்தில் மெல்ல எழும்பி இறங்க வேண்டும். போலோவின் வீல்பேஸ் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விதிப்படி கட்டிய வேகத்தடையில் வண்டி முழுதாக ஏறி முழுதாக இறங்கிவிடும். தாழ்த்திய வண்டிக்கும் பெரிய பிரச்சினை இல்லை. நம் தெருக்களில் இருப்பதோ ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய, அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தாக நிற்கும் மேடு. அதுவும் 10 செ.மீ. உயரம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு அச்சுக்கும் நடுவில் அது வரும்போது வண்டியின் அடிவயிற்றுக்குக் கீழே மிஞ்சுவது 65 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங் போட்டு 35 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 30. நான்கு பேர் ஏறி, டிக்கியில் பெட்டியும் வைத்தால் அந்த முப்பதும் போய்விடும். கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் நாளில் மட்டும் அடியில் உரசுகிறது என்று சொல்பவர்களின் மர்மம் இவ்வளவுதான்.

உரசலை மெதுவாகப் போய்ச் சமாளிக்கலாம். உள்ளே நடப்பதைச் சமாளிப்பது கடினம். சக்கரம் மேலே போவதற்கு 80 மி.மீ. இடம் இருந்ததாகக் கொள்வோம். 35 மி.மீ. தாழ்த்தியதும் மீதி 45. அதே அடியை அந்த 45 மி.மீட்டருக்குள் வாங்கி முடிக்க ஸ்பிரிங் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் அவ்வளவு விறைப்பாக இருப்பதில்லை, இருந்தால் யாரும் உட்கார முடியாது. ஆகவே பாக்கி அடியை வாங்குவது பம்ப் ஸ்டாப் என்ற சின்ன நுரைக்கட்டை. வளைவில் முழுப் பாரத்தோடு சாய்ந்திருக்கும் வெளிச்சக்கரம் அந்தக் கட்டையில் போய் முட்டினால், அந்த மூலை திடீரென இரும்பாகிவிடும். முன்சக்கரம் முட்டினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். பின்சக்கரம் முட்டினால் வால் வீசும்.

இன்னொன்று பெரும்பாலோருக்கு நம்பவே முடியாதது. தாழ்த்திய போலோ சில சமயம் முன்னைவிட அதிகமாகச் சாய விரும்பும். போலோவின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்து, 1950-இல் ஃபோர்ட் கான்சலில் வந்து, அதன்பின் உலகத்தின் பாதிச் சின்ன வண்டிகளில் குடியேறிய அமைப்பு. அதில் லோயர் ஆர்ம் கிட்டத்தட்டப் படுக்கைவசத்தில் இருக்கும்வரை எல்லாம் சரி. வண்டியை இறக்கும்போது ஆர்மின் உள்முனை கீழே வந்து, சக்கரப் பக்கத்து முனை மேலே போகிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், உடலின் புவியீர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே சரிகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். வண்டி தாழ்ந்தது, நெம்புகோல் நீண்டது. அந்தச் சாய்வை அடக்கத்தான் விறைப்பான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. தாழ்த்தியதால் வந்த நோய்க்கு, தாழ்த்தும் ஸ்பிரிங்கே மருந்து.

சாய்வைக் குறைத்துவிட்டால் பிடிப்பு கூடிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதை முடிவு செய்வது வண்டியின் எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், இரண்டு சக்கரங்களுக்கிடையே உள்ள அகலம், வளைவின் வேகம். ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் அந்தப் பாரத்தை முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று பங்கிடுவதோடு சரி. முன்பக்கத்தை விறைப்பாக்கினால் முன்டயருக்கு அதிகச் சுமை. ஏற்கெனவே இழுப்பதும் திரும்புவதும் அதன் தலையில்தான். ஆகவே முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் கொஞ்சம் விறைப்பைப் பின்னால் சேர்ப்பது புத்திசாலித்தனம். பந்தயத் தடத்தில் கோல்ஃபும் போலோவும் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைவது இதனால்தான். இருங்காட்டுக்கோட்டை தடத்தில் அது அழகு. ஐப்பசி மழையில், எதிரே பஸ் வரும் ஏற்காட்டு வளைவில் அதே பின்விறைப்பு ஆபத்து.

தாழ்த்தத்தான் போகிறீர்கள் என்றால் 25, 30 மி.மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐபாக் ப்ரோ-கிட் போன்ற பெயர் பெற்ற ஸ்பிரிங், அதற்கென்றே நீளம் குறைத்த பில்ஸ்டீன் பி8 போன்ற ஷாக், இரண்டும் சேர்ந்தே வரட்டும். பழைய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கை மட்டும் மாட்டுவது காசு மிச்சம் என்று தோன்றும். நீளமான ஷாக் பாதி அமுங்கிய நிலையிலேயே நாளெல்லாம் வேலை செய்து சீக்கிரம் கசியத் தொடங்கும். காயில்ஓவர் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுப் பிறகு திருகைத் தொடுவதே இல்லை. உயரத்தை மாற்றும் வசதிக்காகக் கொடுத்த பணம் அப்படியே துருப்பிடிக்கிறது.

“ஸ்டியரிங் நேரா நிக்கிறது வேற”

கோவையில் ஓர் அலைன்மென்ட் கடை. வெள்ளை போலோ ஒன்று மேடையில் நிற்கிறது. ஸ்பிரிங் மாற்றி இரண்டு மாதம். கடைக்காரர் முன்டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளிநோக்கித் தடவுகிறார். வழுக்கிக்கொண்டு போகிறது. திரும்ப வெளியிலிருந்து உள்ளே இழுக்கிறார். கை தட்டித் தட்டி நிற்கிறது.

“தொட்டுப் பாருங்க தம்பி. அரம் மாதிரி இருக்குதுங்களா?”

“ஸ்டியரிங் நேராத்தானுங்கண்ணா நிக்குது. எந்தப் பக்கமும் இழுக்கலையே.”

“ஸ்டியரிங் நேரா நிக்கிறது வேற, சக்கரம் நேரா நிக்கிறது வேறங்க. ரெண்டும் சமமா வெலகி நின்னா வண்டி எப்படி இழுக்கும்? டயருதான் தேயும். ஸ்பிரிங் மாத்துன அன்னைக்கே வந்திருக்கோணும்.”

அவர் சொன்னது டோ. மேலிருந்து பார்க்கையில் இரு முன்சக்கரங்களும் இணையாக இருக்கின்றனவா, மூக்கு விலகியோ நெருங்கியோ இருக்கின்றனவா என்ற அளவு. வண்டி இறங்கும்போது டை ராடின் கோணம் மாறி டோவும் மாறிவிடும். ஒரு சக்கரம் கால் டிகிரி விலகி நின்றால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான்கு மீட்டருக்கு மேல் அந்த டயர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. உள்விளிம்பு தேய்ந்த டயரைக் காட்டி எல்லாரும் கேம்பரைத் திட்டுவார்கள். தாழ்த்திய வண்டியில் சக்கரத்தின் தலை உள்ளே சாய்வதும் ஒரு காரணம்தான் என்றாலும், டயரை வேகமாகத் தின்பது டோ. அதைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. பின்பக்கம் அப்படியில்லை. அங்கே இருப்பது டார்ஷன் பீம். கோணத்தைத் திருகி மாற்ற வழியில்லை, அச்சுக்கும் ஹப்புக்கும் நடுவே ஷிம் தகடு வைத்தால்தான் உண்டு.

பதினேழு அங்குல ஆசை

அலாய் கடையில் விற்பவர் கேட்கும் கேள்விகள் இரண்டு: என்ன வண்டி, என்ன கலர். வாங்குகிறவர் கேட்கவேண்டியது ஐந்தாறு இருக்கிறது.

போலோவுக்கு பிசிடி 5x100. அதாவது ஐந்து போல்ட், அவை அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. அதே கம்பெனியின் பெரிய வண்டிகளின் 5x112 ரிம் இதில் ஏறாது. ‘கிட்டத்தட்டப் பொருந்துது’ என்று எவராவது சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். நடு ஓட்டை, அதாவது சென்டர் போர், 57.1 மி.மீ. வெளிக்கடை அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிய ஓட்டையோடு வரும், 73.1 சகஜம். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் ரிம் நட்டநடுவில் உட்காராமல், 90 கி.மீ. வேகம் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை வீல் பேலன்சிங் செய்தாலும் போகாது.

அதைவிட முக்கியம் போல்ட். ஃபோக்ஸ்வேகன் ரிம்மில் போல்ட் உட்காரும் குழி உருண்டையாக இருக்கும், போல்ட்டின் தோளும் உருண்டை. வெளிக்கடை ரிம்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. உருண்டைத் தோள் போல்ட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் இறுகியது போலத்தான் தெரியும். தொடுவது மெல்லிய ஒரு கோடு மட்டும். ஓட ஓடத் தளரும். புது ரிம்முக்குப் புது போல்ட் வாங்க யோசிப்பவர் அலாயே வாங்காமல் இருப்பது நல்லது. முறுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று ஒரு இழு இழுத்துவிட்டு அனுப்புவதற்கு அளவே கிடையாது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

இனி ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் அது உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், ரிம்மில் ஈடி என்று போட்டிருக்கும். பழைய ரிம் 6ஜே, ஈடி 38 என்று வைப்போம். (உங்கள் ரிம்மின் முதுகில் அச்சாகியிருக்கும், கழற்றிப் பாருங்கள்.) புதிது 7.5ஜே, ஈடி 35. எண்ணில் மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். 6 அங்குலம் என்பது 152.4 மி.மீ., பாதி 76.2. அதிலிருந்து 38-ஐக் கழித்தால் ரிம்மின் வெளிவிளிம்பு ஹப்பிலிருந்து 38.2 மி.மீ. தள்ளி நிற்கிறது. 7.5 அங்குலத்தில் பாதி 95.25, 35 போக 60.25. ஆக டயர் 22 மி.மீ. வெளியே வருகிறது. உள்பக்கம் கூட்டிப் பாருங்கள்: 114.2 இருந்தது 130.25 ஆகிறது. ஸ்ட்ரட்டை நோக்கி 16 மி.மீ. நெருங்கிவிட்டது. உள்ளே இடித்தால் 10 மி.மீ. ஸ்பேசர் போடு என்பார்கள். அப்போது வெளியே 32. பின்சீட்டில் மாமனார் மாமியார் ஏறிய அன்று ஃபெண்டர் உதடு டயரைச் சீவ ஆரம்பிக்கும்.

டயர் வெளியே தள்ளும்போது ஸ்டியரிங்கின் குணமும் மாறும். ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். 1972-இல் வந்த அவுடி 80 முதற்கொண்டு ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துப் பொறியாளர்கள் இதை எதிர்மறையாக வைத்துப் பெயர் வாங்கினார்கள். ஒரு பக்கச் சக்கரம் மணலிலும் மறுபக்கம் தாரிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால் வண்டி தானே நேராக நிற்க முயலும். ஆஃப்செட்டைக் கண்டபடி குறைத்தால் அந்த ஏற்பாடு குலைகிறது. ஸ்டியரிங் ரோட்டுத் தடத்தையெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும், பேரிங்குக்கும் ஆயுசு குறையும்.

உயரக் கணக்கு எளிது. 185/60 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 603 மி.மீ. 215/40 ஆர்17 போட்டால் 604. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவிலிருந்த 111 மி.மீ. ரப்பர் 86 ஆகிவிட்டது. போன 25 மி.மீ. காற்றுதான் மழைத்தண்ணீர் மறைத்த குழியில் ரிம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மலிவான 17 அங்குல வார்ப்பு ரிம் பழையதைவிடச் சில கிலோ அதிகம் கனக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் அந்தக் கனத்தை அடக்கப் புது ஷாக்கும் திணறும். லோட் இண்டெக்ஸையும் பாருங்கள். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். சாதாரண 205/45 ஆர்16-இல் வரும் 83 தாங்குவது 487. இந்த வண்டிக்கு என் கணக்கு 16 அங்குலத்தோடு முடிகிறது: கம்பெனியே பிற்காலத்தில் ஜிடிக்குத் தந்த 195/55 ஆர்16, 6.5 அல்லது 7ஜே ரிம், வார்ப்பில் ஜேடபிள்யூஎல் முத்திரை.

கம்பெனி தந்த அளவு என்பதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. சாலையில் நிறுத்திப் பிடிப்பது ஒருபுறம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்து பார்க்கும்போதுதான் இது உறைக்கும்.

பழைய போலோ வாங்கப் போகிறவர்களுக்கு இதையெல்லாம் திருப்பிப் படித்தால் ஒரு சோதனைப் பட்டியலே கிடைக்கும். வண்டியைத் தூக்கவைத்து ஸ்பிரிங்கின் முனையைப் பாருங்கள். கிரைண்டரால் வெட்டிய மொட்டை முனை தெரிந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டுங்கள். அது சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவக்கூடியது. பம்ப் ஸ்டாப் முழுதாக இருக்கிறதா, பாதி அறுத்திருக்கிறார்களா? சக்கரத்துக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையில் கறுப்பாகப் பளபளக்கும் கோடு இருந்தால் டயர் உரசியிருக்கிறது. லோயர் ஆர்ம் புஷ் முறுகிக் கிழிந்திருந்தால், வண்டி அந்தரத்தில் இருக்கையிலேயே யாரோ போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். நான்கு சக்கரமும் தரையில் நின்றபிறகு இறுக்கவேண்டியது அது. எல்லாம் ஒழுங்காக இருந்து, வேலை தெரிந்தவர் செய்த வண்டிதான் என்று மனசுக்குப் பட்டால், விலை பேசும்போதே கழற்றி வைத்த ஒரிஜினல் ஸ்பிரிங்கையும் ரிம்மையும் சேர்த்துக் கேளுங்கள். எஃப்சி புதுப்பிக்கும் வருடம் தேவைப்படும்.